யார் மேல் வைக்கும் அன்பு?

மலேசியாவில் கெடா மாநிலத்துப் பீடோங் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு மருமகள் கேட்டிருக்கிறார். ஞானஸ்நானம் எடுத்து மூன்று வருடம். கணவர் சபைக்கு வருவதில்லை, இவர் போவதைத் தடுப்பதும் இல்லை. தீபாவளிக்கு முதல் நாள் இறந்துபோன மாமனாருக்கு வீட்டில் படையல். ஒரே மருமகள் என்பதால் சமையல் இவர் தலையில். சபையில் ஒரு மூத்த சகோதரி, “படையலுக்கு அடுப்பு மூட்டினாலே பாவம்” என்கிறாராம். இன்னொருவர், “இறைச்சி வெறும் இறைச்சிதானே, சமைத்துப் போட்டுச் சாப்பிட்டுவிட்டு வாயேன்” என்கிறாராம். இதற்கிடையில் கொழுந்தன் எட்டு மாதத்துக்கு முன்தான் ஞானஸ்நானம் பெற்றிருக்கிறார். அண்ணி என்ன செய்கிறாரோ அதைப் பார்த்துத்தான் அவரும் செய்வார். போதகரைக் கேட்டால், “அன்பின்படி செய்யம்மா” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். இவர் கேட்பது: “யார் மேல் வைக்கும் அன்பின்படி? நான் எதைச் செய்தாலும் ஒருத்தர் மனம் நோகிறதே!”

போதகர் சொன்னது சரிதான். ஆனால் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு யாரும் சமையலறைக்குள் நுழைய முடியாது. நான் போதகர் இல்லை. தமிழ்ப்பள்ளியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன், எங்கள் மெதடிஸ்ட் சபையில் அவ்வப்போது பிரசங்கமேடை ஏறுகிறவன், இந்து வீட்டில் பிறந்தவன். இந்த விஷயத்தில் ஒருமுறை மோசமாகத் தவறியவனும்கூட. அதைப் பிறகு சொல்கிறேன்.

பாருங்கம்மா, உங்கள் கேள்வியையே வேறு பெயர்களோடு அப்போஸ்தலன் பவுல் கிட்டத்தட்ட கி.பி. 55இல் எபேசுவில் உட்கார்ந்து, கொரிந்து சபைக்கு எழுதிய முதலாம் நிருபத்தில் எழுதியிருக்கிறார். கொரிந்து துறைமுகங்களை ஒட்டிய வியாபார நகரம். கோயில்களுக்குக் குறைவில்லை. அந்தக் கோயில்களில் பந்தி போடும் மண்டபங்கள் இருந்ததை அங்கே அகழ்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். நண்பன் வீட்டில் காதுகுத்து மாதிரி ஏதாவது விசேஷம் என்றாலும் விருந்து கோயிலில்தான் நடக்கலாம். பலியிட்ட இறைச்சியில் மிஞ்சியது கடைக்கு வரும். ஆகவே விசுவாசியானவனுக்கு மூன்று இடத்தில் தலைவலி: கோயில் பந்தி, இறைச்சிக் கடை, பக்கத்து வீட்டுச் சாப்பாடு. சபைக்குள் விவரம் தெரிந்த சிலர், “விக்கிரகம் ஒன்றுமே இல்லை, அப்புறம் என்ன?” என்று எங்கு போனாலும் சாப்பிட்டார்கள். பவுல் அவர்களுடைய வேதசாஸ்திரத்தில் குறை காணவே இல்லை. விக்கிரகம் ஒன்றுமில்லை, ஒத்துக்கொள்கிறார். ஆனால் இதைப் பேச ஆரம்பிக்கிற எட்டாம் அதிகாரத்தின் முதல் வரியிலேயே ஒரு தட்டு தட்டுகிறார்: “அறிவு இறுமாப்பை உண்டாக்கும், அன்போ பக்திவிருத்தியை உண்டாக்கும்.”

‘பக்திவிருத்தி’ என்ற சொல் நம் காதுக்கு ஊதுபத்தி வாசனையோடு வந்து சேருகிறது. மூலத்தில் அது வீடு கட்டும் வேலைக்கான சொல். சுவர் எழுப்புகிறதே, அது. அறிவு ஆளை ஊதிப் பெருக்கும், அன்பு அடுத்தவனைக் கட்டி எழுப்பும் என்கிறார். பலூனையும் செங்கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பிறகு இடம் இடமாகப் பிரிக்கிறார். கோயில் பந்தியில் உட்காராதே. அது ஆராதனையில் பங்கெடுப்பது. கர்த்தருடைய பந்தியிலும் இதிலும் சேர்ந்து உட்கார முடியாது. கடையில் விற்பதை, “எங்கிருந்து வந்தது?” என்று குடையாமல் வாங்கிச் சாப்பிடு. விசுவாசியல்லாத ஒருவர் வீட்டுக்கு அழைத்தால் போ, வைத்ததைச் சாப்பிடு. அங்கே ஒருவன், “இது படைத்தது” என்று சொன்னால், சொன்னவனுக்காக விட்டுவிடு. அதே இறைச்சி, அதே வாய். பதில் மட்டும் மாறுகிறது. எதனால்? பக்கத்தில் இருக்கும் ஆளால். ஆக, ‘யார் மேல் வைக்கும் அன்பு’ என்று நீங்கள் கேட்டது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. பவுல் கேட்கச் சொன்ன கேள்வியே அதுதான்.

இனி உங்கள் வீட்டு ஆட்களுக்கு வருவோம். ‘பலவீனர்’ இடறிவிடாதபடி பார்த்துக்கொள் என்கிறாரே பவுல், யார் அந்தப் ‘பலவீனர்’?

சபையில் இந்தச் சொல்லைத்தான் அதிகம் தப்பாகப் புழங்குகிறோம். யாருக்காவது ஒன்று பிடிக்கவில்லை என்றால், “எனக்கு இடறலாயிருக்கிறது சகோதரி” என்கிறார்கள். பூ வைத்தால் இடறல், வளையல் போட்டால் இடறல், பிள்ளையைப் பரதநாட்டிய வகுப்புக்கு அனுப்பினால் இடறல். பிடிக்காமல் போவது வேறு, இடறுவது வேறு. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் வீட்டில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் போகும்போது பாதையில் ஒரு கிளை முறிந்து கிடந்தால் அம்மா காலால் ஓரமாகத் தள்ளிவிட்டுத்தான் போவார். தனக்குக் கண் தெரிகிறது, தாண்டிவிடுவார். பின்னால் வாளியோடு வருகிறவள் புதுசு. ‘தடுக்கல்’ என்று பவுல் எழுதுவது அந்தக் கிளையை. பின்னால் வருகிறவள் விழவேண்டும், அப்போதுதான் அது இடறல். ஓரத்தில் நின்று, “இது என்ன நடை!” என்று முகம் சுளிக்கிறவர் யாரும் விழப்போவதில்லை.

உங்கள் மூத்த சகோதரி விழமாட்டார். நீங்கள் அடுப்பு மூட்டியதைப் பார்த்து அவர் வீட்டில் போய்ப் படையல் போடப்போவதில்லை. அவருக்கு வருத்தம் வரும், பேசுவார், நாலு பேரிடம் சொல்லவும் சொல்வார். மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் வருத்தத்தைக் கொண்டு உங்கள் மனச்சாட்சியை நடத்தவேண்டியதில்லை. அந்தியோகியாவில் பேதுரு அதைத்தான் செய்தார். புறஜாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், கண்டிப்பானவர்கள் எருசலேமிலிருந்து வந்ததும் எழுந்து ஒதுங்கினார். ‘இடறல் வேண்டாமே’ என்று அவருக்கும் தோன்றியிருக்கலாம். பவுல் எல்லார் முன்னிலையிலும் முகத்துக்கு நேரே கண்டித்தார் என்று கலாத்தியர் இரண்டாம் அதிகாரம் சொல்கிறது. சகோதரனுக்காக என்றைக்கும் மாம்சமே தின்னமாட்டேன் என்று எழுதிய அதே மனிதர்தான். விழப்போகிறவனுக்காக எதையும் விடுவார், முகம் சுளிக்கிறவருக்காக ஒரு பந்தியை உடைக்கவிடமாட்டார்.

கொழுந்தன் கதை வேறு. அவரைப் பற்றி நீங்கள் எழுதிய இரண்டு வரியில்தான் என் கண் நின்றது: அப்பா செத்த பிறகு ராத்திரியில் வந்து போகிறார் என்று பயந்து, தூங்காமல், அந்தப் பயத்திலிருந்து விடுதலை தேடித்தான் சபைக்கு வந்தார் என்கிறீர்கள். உங்களுக்கு அந்த இலையில் இருப்பது ஆட்டிறைச்சிப் பிரட்டல். அவருக்கு அது அப்பா தொட்ட சோறு. ஸ்டவுட் போத்தலைத் திறந்து போட்டோவுக்கு முன் வைத்து, பக்கத்தில் சிகரெட்டைப் பற்றவைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நிற்பார்களே, அந்த ஐந்து நிமிடத்தில் உள்ளே யாரோ சாப்பிடுகிறார்கள் என்றுதான் அவர் உடம்பு இன்னும் நம்புகிறது. “இந்த அறிவு எல்லாரிடத்திலும் இல்லை” என்று எட்டாம் அதிகாரத்தில் ஒரு வரி வரும். அது இவருக்கென்றே எழுதியது. நீங்கள் சிரித்துக்கொண்டே அந்த இலையில் கைவைத்தால், ‘அண்ணியே சாப்பிடுகிறார்’ என்று அவரும் சாப்பிடுவார். தொண்டைக்குள் இறங்கியது அறிவு இல்லை, பழைய பயம். “அவனை உன் போஜனத்தினாலே கெடுக்காதே, கிறிஸ்து அவனுக்காக மரித்தாரே” என்று ரோமர் பதினாலில் வருவது இந்த ஆளைப் பற்றி.

ஆகவே படைத்த இலையிலிருந்து நீங்கள் சாப்பிடவேண்டாம். உங்களுக்கு ஏதாவது ஆகிவிடும் என்பதற்காக இல்லை, மேசைக்கு எதிர்ப்பக்கம் அவர் உட்கார்ந்திருக்கிறார் என்பதற்காக.

சரி, உங்கள் மாமியார்? அந்த அத்தையை எந்தக் கணக்கில் வைப்பது?

இங்கேதான் என் கதையைச் சொல்லவேண்டும். என் அம்மா இறந்தபோது எனக்கு இருபத்தேழு வயது. ஞானஸ்நானம் எடுத்து ஒன்றரை வருடம். வேதம் முழுக்கப் படித்துவிட்டதாக நினைப்பு. மூத்த பிள்ளை நான், கொள்ளி வைக்கவேண்டியவன். மாட்டேன் என்றேன். அதில் இன்றைக்கும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை; தம்பி வைத்தான். ஆனால் நான் அதோடு நிற்கவில்லை. எதிலுமே கலக்கக்கூடாது என்று எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கு வெளியே ரம்புத்தான் மரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். உள்ளே தங்கச்சி தனியாக அல்லாடிக்கொண்டிருந்தாள். ஒருமுறை வாளியோடு வெளியே வந்து, “அண்ணே, பைப்புல ரெண்டு வாளி தண்ணியாவது புடிச்சிக் குடு” என்றாள். குளிப்பாட்டுகிற சடங்குக்குத் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டு, “அதெல்லாம் என்னால முடியாது” என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. தானே பிடித்துத் தூக்கிக்கொண்டு போனாள். வாளி ஒரு பக்கம் சாய்ந்து அவள் பாவாடை நனைந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. பதினோரு வருடம் கழித்து அவள் மகள் சடங்கன்று பேச்சுவாக்கில் சொன்னாள்: “அன்னிக்கு வந்தவங்களுக்குக் காப்பி போடத்தாண்ணே தண்ணி கேட்டேன்.”

ஒரு சடங்கை மறுக்க எனக்கு உரிமை இருந்தது. அதைச் சுற்றி நாற்பது வேலை இருந்தது: நாற்காலி இறக்குவது, பந்தல் கட்டுவது, அத்தைமாரை லோரியில் ஏற்றி வருவது, காப்பி போடுவது. அம்மாவின் முகத்தைத் துடைத்துவிடுவதற்குக்கூட எந்த வசனமும் குறுக்கே நிற்கவில்லை. ஒன்றுக்கு ‘முடியாது’ என்று சொன்னவன், நாற்பதுக்கும் ‘முடியாது’ என்று அர்த்தம் வரும்படி நின்றேன். ஊரார் கண்ணுக்கு அன்று கிறிஸ்தவம் என்பது மரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற ஓர் ஆள். மற்றவர்கள் மேல் நம் நடத்தை உண்டாக்கும் தாக்கம் என்று பிரசங்கங்களில் பேசுகிறோமே, என் தங்கச்சி விஷயத்தில் அது அந்த இரண்டு வாளித் தண்ணீர்தான். அவள் இன்றைக்கும் சபைக்கு வந்ததில்லை. என் மேல் கோபமும் இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

அதனால் உங்களுக்குச் சொல்கிறேன், சமையுங்கள். சமைப்பது ஆராதனை இல்லை. அத்தைக்கு அது வருடத்தில் ஒரு நாள், புருஷனுக்குப் பிடித்ததை ஆக்கிவைத்து நினைக்கும் நாள். அவருக்குச் சமைத்துப் போட்ட கை. கற்பூரம் காட்டுவது, விழுந்து கும்பிடுவது, இவற்றில் மட்டும் நில்லுங்கள். அங்கே மழுப்பவேண்டாம். ‘மனசுக்குள் இயேசுவை நினைத்துக்கொண்டு கும்பிட்டுக்கொள்’ என்று யாராவது யோசனை சொல்வார்கள். அத்தையையும் ஏமாற்றி, கொழுந்தனையும் குழப்புகிற வேலை அது.

ஒரு நுணுக்கம். சமைத்ததும் படைப்பதற்கு முன்பே நமக்கென்று ஒரு கிண்ணத்தில் எடுத்துவைத்துக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது என்று சிலர் சொல்வார்கள். அந்தக் குறுக்கு வழி வேண்டாம். படையல் சமையலில் உப்புக்கூடச் சுவைத்துப் பார்க்காத வீடுகள் உண்டு. முதலில் இலைக்கு, பிறகுதான் மனுஷருக்கு. நீங்கள் அகப்பையில் எடுத்துவைப்பதை அத்தை பார்த்தால் புருஷனுக்கு எச்சில் சோறு போட்டதாகத் துடித்துப்போவார். அதற்குப் பதில் கொழுந்தனுக்கும் உங்களுக்கும் வேறு சட்டியில், வேறு அடுப்பில், ஒரு கோழிக்குழம்பு வையுங்கள். ஒளித்து வைக்காதீர்கள். அத்தையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இதற்கெல்லாம் வேதத்தில் இடம் இருக்கிறதா என்று அந்த மூத்த சகோதரி கேட்டால், இரண்டாம் இராஜாக்கள் ஐந்தாம் அதிகாரத்தைக் காட்டுங்கள். குஷ்டம் தீர்ந்த சீரியப் படைத்தலைவன் நாகமானின் கதையை நாம் யோர்தானில் ஏழுதரம் முழுகியதோடு நிறுத்திவிடுகிறோம். பிறகுதான் சுவாரஸ்யம். அவன் இரண்டு கோவேறு கழுதைச் சுமை மண் கேட்கிறான், இனி இஸ்ரவேலின் தேவனைத் தவிர வேறு தேவர்களுக்குப் பலியிடுவதில்லை என்கிறான். கூடவே ஒரு தயக்கம்: என் ராஜா ரிம்மோன் கோயிலில் பணியும்போது என் கைமேல் சாய்ந்துகொள்வார், நானும் குனியவேண்டிவரும், கர்த்தர் இதை மன்னிப்பாராக. எலிசா அவனுக்கு ஒரு பிரசங்கமும் செய்யவில்லை. “சமாதானத்தோடே போ” என்றான். அவ்வளவே. இதை எல்லாருக்கும் பொதுச் சட்டமாக நீட்ட நான் வரவில்லை. ஆனால் வேறு மதத்து வீட்டில் வாழ்ந்தாகவேண்டிய புதிய விசுவாசியின் நெருக்கடியை ஒரு தீர்க்கதரிசி எவ்வளவு மெதுவாகக் கையாண்டிருக்கிறார் என்பதைப் பார்க்கலாம் அல்லவா? ராஜா ஒருவர் சாய்ந்துகொள்ள ஒரு கை கேட்கிறார். உங்கள் அத்தைக்கும் அந்த நாளில் வேண்டியது அதுதானோ என்னவோ.

இப்போது எதிர்ப்பக்கத்து ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். ‘அன்புதான் முக்கியம், சட்டம் பிறகு’ என்று இந்தப் பேச்சு கடைசியில் எங்கே போய் நிற்கும் தெரியுமா? அண்ணன், ஆலோங் என்கிற கந்துவட்டிக்காரனிடம் வாங்கிய கடனுக்குத் தம்பி சம்பளப் புத்தகத்தை அடகு வைப்பதில். குடித்துவிட்டு அடிக்கிற புருஷனை ‘அன்பினால்’ மூடி மறைப்பதில். அன்பு கட்டளைகளுக்குப் பதிலாக வந்தது இல்லை. “அன்பானது பிறனுக்குப் பொல்லாங்கு செய்யாது” என்று பவுல் சொல்வதே விபசாரம், கொலை, களவு என்று கட்டளைகளை எண்ணி முடித்த கையோடுதான். ஆதிச் சபைப் பிதா அகுஸ்தீன் ஒரு பிரசங்கத்தில், அன்புகூர், பிறகு நீ விரும்புவதைச் செய் என்றார். அந்த வரியை எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். அதற்குச் சற்று முன் அவர் சொன்ன உதாரணம் காணாமல் போய்விட்டது: தகப்பன் பிள்ளையை அடிக்கிறான், அடிமை வியாபாரி பிள்ளையைத் தடவிக்கொடுக்கிறான். எது அன்பு? அந்தக் கேள்வி இல்லாமல் அந்த வரி வெறும் சாக்கு.

குடி என்று சொன்னதும் ஒரு விஷயம். கொரிந்துக்கு இறைச்சி எப்படியோ, தோட்டத்துக்குக் கள்ளு அப்படி. எத்தனையோ தோட்டங்களில் கோயில் ஒரு பக்கம், கள்ளுக்கடை மறுபக்கம் இருந்தது. 1941இல் கிள்ளான் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் கள்ளுக்கடையை மூடுவதும் ஒன்று. நம் பீடோங்கிலேயே, ஹார்வர்ட் தோட்டத்தை மையமாக வைத்து, போருக்குப் பிறகு தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடைகளுக்கு முன்னால் மறியல் செய்தார்கள். 1947இல் போலீசோடு மோதலாகவும் வெடித்தது. அவர்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. பக்கத்து லயத்துக்காரன் சம்பளம் அந்தக் கடைவாசலில் கரைவதைப் பார்க்கச் சகிக்காமல் போய் நின்றார்கள். ரோமர் பதினாலு படிக்காமலே அதைச் செய்தார்கள் என்றால், படித்த நாம் கொஞ்சம் வெட்கப்படலாம்.

எங்கள் சபைப் பழக்கம் ஒன்றும் இங்கே பொருந்தும். திருவிருந்தில் புளிக்காத திராட்சைச் சாறுதான் கொடுக்கிறோம். இதற்குப் பின்னால் ஒரு பல் வைத்தியர் இருக்கிறார். அமெரிக்காவில் வைன்லாண்ட் என்ற ஊரில், தாமஸ் வெல்ச் என்கிற மெதடிஸ்ட்காரர், 1869இல் திராட்சைச் சாற்றைச் சூடாக்கிப் புளிக்காமல் பாதுகாக்கும் முறையைத் திருவிருந்துக்கென்றே செய்துபார்த்தார். வேதத்தில் திராட்சரசம் தடையா? இல்லை. கானாவூரில் ஆண்டவரே செய்து கொடுத்தார். ஆனால் குடியை விட்டு மூன்று மாதமான ஒருவன் பலிபீடத்தண்டை முழங்காலிட்டு வாயைத் திறக்கும்போது, அவன் நாக்கில் அந்த வாசனை படவேண்டாமே. உரிமை இருந்தும் விட்டுக்கொடுப்பது என்றால் இதுதான். இத்தனை வருடத்தில், “எங்கள் சுதந்திரம் போச்சு” என்று யாரும் எங்களிடம் சண்டைக்கு வந்ததில்லை.

கொழுந்தன் விஷயத்தில் இன்னொன்று. அவரைக் காலமெல்லாம் பலவீனராகவே வைத்திருக்கவேண்டாம். செங்கல் வைப்பது என்றால் அதுவும் சேர்த்துத்தான். படையலன்று அவருக்காகச் சாப்பிடாமல் இருங்கள். வேறொரு நாள் மாலையில் உட்காரவைத்து, அந்தப் பயத்தைப் பற்றிக் கேளுங்கள். “அதெல்லாம் ஒன்றுமில்லை” என்று தள்ளிவிடாமல், அப்பா எப்படி வந்தார், எங்கே நின்றார் என்று முழுக்கச் சொல்லவிடுங்கள். அவர் அப்பாவை நல்லபடியாக நினைப்பதற்கும் ஒரு வழி வேண்டும். கல்லறைக்குப் போய்ப் புல் செதுக்கி வரலாம், பழைய போட்டோவைச் சட்டம் போட்டு மாட்டலாம். அப்பாவை வெறுக்கக் கற்றுக்கொடுத்தால் அது விடுதலை ஆகாது.

அத்தையை விசுவாசத்துக்குள் கொண்டுவரவேண்டும் என்ற ஆசையும் உங்கள் எழுத்தில் தெரிகிறது. ஆசைப்படலாம். ஆனால் அவருக்குச் செய்கிற உதவி ஒவ்வொன்றிலும் ஒரு தூண்டிலைச் சொருகவேண்டாம். அரிசி மூட்டையோடு கைப்பிரதியும் சேர்த்துக் கொடுப்பதைப் பார்த்துப் பார்த்து நம் தோட்டத்து மக்களுக்கு மூக்கு நன்றாகவே வேலை செய்யும். பேதுரு தம் முதல் நிருபத்தில் மனைவிகளுக்குச் சொல்லும்போது ‘போதனையின்றி’ என்று ஒரு வார்த்தை போடுகிறார். நடக்கையைக் காட்டுங்கள், வாயை அடக்குங்கள் என்பது அதன் தோட்டத்துத் தமிழ். வாத்தியாராக இருந்தவனுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும்.

கடைசியாக, எப்போது பேசுவது என்பது. முதல் நாள் இலை விரித்த பிறகு பேசவே பேசாதீர்கள். சாம்பிராணி புகையும்போது, சொந்தக்காரர்கள் கூடத்தில் நிற்கும்போது, “நான் கும்பிடமாட்டேன்” என்று சொன்னால் அது அறிவிப்பாக விழும். பலகாரம் செய்ய ஆரம்பிக்கிற வாரம் நல்ல நேரம். அத்தை மாவு பிசைந்து கொடுக்க நீங்கள் முறுக்கு பிழிகிறபோது இரண்டு பேருக்கும் கை வேலையில் இருக்கும், முகத்துக்கு முகம் பார்த்துக்கொள்ளவேண்டியதில்லை. முதலில் மாமனாருக்கு என்னென்ன பிடிக்கும் என்று கேளுங்கள். பிரட்டலில் மிளகு தூக்கலாகவா, குழம்பு தண்ணியாகவா, எல்லாம். அவர் சொல்லி முடிக்கட்டும். அவசரப்படுத்தாதீர்கள், அழுதாலும் அழுவார். பிறகு, “எல்லாத்தையும் நானே ஆக்கித் தரேன் அத்தை. கும்பிடறது மட்டும் என்னால ஆகாது, தம்பிக்கும் எனக்கும் தனிச் சட்டியில வெச்சிக்கிறேன்” என்று சொல்லுங்கள். கோபப்படலாம். அரை நாள் பேசாமலும் இருக்கலாம். பிழிவதை நிறுத்தாதீர்கள், எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும்.